தூண்டில் போடப் போகிறவர்களுக்கு ஏற்ற வெயில் தொப்பி: பார்த்து வாங்க ஒரு முழு வழிகாட்டி

ராடுக்கும் ரீலுக்கும் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறோம். கொடுவா எந்த லூருக்கு (மீனை ஏமாற்றும் போலி இரை) வரும், செப்பிலி எந்த நேரத்தில் கடிக்கும் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். தொப்பி மட்டும் வீட்டில் எது கிடக்கிறதோ அதுதான். சென்னைப் பக்கம் கோவளம் பாறையிலோ முட்டுக்காடு முகத்துவாரத்திலோ நிற்பவர்களைப் பாருங்கள், பெரும்பாலோர் தலையில் இருப்பது கிரிக்கெட் தொப்பி. காது, கன்னம், பின்கழுத்து எல்லாம் வெயிலுக்குத் திறந்தே கிடக்கும்.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு சித்திரை மாதம், அகலமான நல்ல தொப்பி ஒன்று வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு ஃபைபர் படகில் ஏறினேன். முகத்துவாரம் தாண்டி வேகம் எடுத்ததுமே தொப்பி பறந்துவிட்டது. படகோட்டி அண்ணன் "திருப்பட்டுமா தம்பி?" என்று கேட்டு முடிப்பதற்குள் அது நனைந்து அமிழ்ந்துவிட்டது. மதியம் ஒரு மணி வரைக்கும் வெறுந்தலை. பார்த்துவிட்டு அவரே தன் துண்டை நனைத்துத் தலையில் கட்டிவிட்டார். "தொப்பி எவ்ளோ பெருசுன்னு பாத்து வாங்காத தம்பி. கயிறு இருக்கான்னு பாரு" என்றார். அன்று ராத்திரி முழுக்கத் தலைவலி, கண் இரண்டும் மிளகாய் விழுந்த மாதிரி எரிச்சல். மூன்றாம் நாள் நெற்றித் தோல் உரிந்தது.

அதற்கப்புறம் தொப்பி வாங்குவதில் என் வரிசையே மாறிவிட்டது. முதலில் காற்று, அடுத்து விளிம்பு, அதற்குப் பிறகுதான் துணி. கடையில் துணியைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் தலையில் நிற்காத தொப்பி என்ன துணியாக இருந்து என்ன பயன்?

முதலில், எதிலிருந்து காப்பாற்றிக்கொள்கிறோம்?

நம் தோலில் நிறமி அதிகம். அதனால் வெள்ளைத்தோல்காரர்களைவிட நமக்குத் தோல் புற்றுநோய் வாய்ப்பு மிகக் குறைவு. "நமக்கெல்லாம் எதுக்குங்க தொப்பி" என்று பலரும் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் கண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வருடக்கணக்கில் கடல் வெயிலில் நிற்பவர்களுக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறலாம். டாக்டர்கள் இதை டெரிஜியம் என்பார்கள். புற ஊதாக் கதிர், காற்று, தூசு எல்லாம் சேர்ந்து வருவது அது. கண்புரை சீக்கிரம் வருவதற்கும் இந்தக் கதிர் ஒரு காரணம். அடுத்தது மங்கு, கன்னத்திலும் மூக்கிலும் கருப்பாகப் படர்ந்தால் லேசில் போகாது. மூன்றாவது சூடு. நம் ஊர் வெயிலில் அன்றைக்கே ஆளைச் சாய்ப்பது அதுதான்.

வெயிலில் புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்று சொல்லும் எண்தான் புற ஊதாக் குறியீடு. அது 3-ஐத் தொட்டாலே தொப்பி, கண்ணாடி எல்லாம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 11-ஐத் தொட்டால் அது உச்ச அளவு. சென்னைக் கோடையில் நடுப்பகலில் அந்த 11-ஐத் தாண்டுவது சாதாரணம். ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், உச்சிவேளையில் நிழல் காலடிக்குள்ளேயே விழும். மேகம் இருக்கிறதே என்று நம்பவும் முடியாது. மெல்லிய மேகத்தைத் தாண்டி 90 சதவீதத்துக்கு மேல் வந்துவிடும். குறியீட்டைப் பார்க்கக் கையில் போன் இல்லையென்றால் உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் தொப்பி தலையில் இருக்க வேண்டும்.

படி 1: எங்கே நின்று போடுகிறீர்கள்?

குளத்தங்கரையில் விராலுக்குத் தவளை லூர் வீசுகிறவருக்கும், கடலில் படகில் வஞ்சிரத்துக்கு ஓடுகிறவருக்கும் ஒரே தொப்பி சரிவராது.

குளம், ஏரி, அணை என்றால் காற்று பெரிய தொல்லை இல்லை. மரநிழலும் கிடைக்கும். அங்கே சுற்றிலும் அகலமான விளிம்பு உள்ள தொப்பிதான் நல்லது, பனையோலைத் தொப்பிகூடப் போதும். ஆனால் கருவேலங்கிளைகளுக்கு நடுவே புகுந்து போக வேண்டிய இடமென்றால் அகல விளிம்பு மாட்டிக்கொண்டே இருக்கும்.

கடற்கரையும் பாறையும் வேறு கதை. நம் கிழக்குக் கரையில் காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் நேராக முகத்தில். மாலையில் அதே இடத்தில் நின்றால் வெயில் முதுகுப் பக்கம், காதிலும் பின்கழுத்திலும். காலையில் மட்டும் போகிறவருக்கு முன் விளிம்பு முக்கியம், மூன்று மணிக்கு மேல் போகிறவருக்குப் பின்பக்கம் முக்கியம். இரண்டும் உண்டு என்றால் முழு வட்டம் தேவை. அப்புறம் காற்று. கோடையில் மதியத்தை ஒட்டிக் கடல்காற்று எழும்பியதும் அதுவரை அடங்கி இருந்த தொப்பி படபடக்க ஆரம்பிக்கும். கொண்டல் வீசும் நாளில் கேட்கவே வேண்டாம்.

ஓடும் படகுக்கு நான் சொல்வது முழு வட்டத் தொப்பி இல்லை. முன்னால் மட்டும் விளிம்பும், பின்னால் தோள் வரை தொங்கும் கழுத்துத் துணியும் உள்ள தொப்பி. காதோடு ஒட்டி நிற்பதால் காற்று அடியில் புகுந்து தூக்காது. அழகாக இருக்காது என்பது உண்மைதான், ஆனால் காதும் கழுத்தும் முழுசாக மூடப்படும். படகில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அதன் கழுத்துப் பட்டை, அகலத் தொப்பியின் பின் விளிம்பை மேலே தள்ளும், தொப்பி கண் மேல் சரியும். கழுத்துத் துணித் தொப்பியில் இந்தச் சிக்கல் இல்லை.

படி 2: விளிம்பை ஸ்கேல் வைத்து அளங்கள்

கடைக்குப் போகும்போது 15 செ.மீ. ஸ்கேல் ஒன்று கொண்டுபோங்கள். விளிம்பு, தலைப்பகுதியில் தைத்த இடத்திலிருந்து வெளி ஓரம் வரை குறைந்தது 7.5 செ.மீ. இருக்க வேண்டும். வெயில் பாதுகாப்பில் உலகத்துக்கே முன்னோடியான ஆஸ்திரேலியாவில் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு அது. வாளி கவிழ்த்த மாதிரி சரிந்து இறங்கும் தொப்பி என்றால் 6 செ.மீ. போதும் என்கிறார்கள், ஏனென்றால் அது முகத்தை ஒட்டித் தாழ்வாக நிற்கும்.

ஏன் 7.5? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, 7.5 செ.மீ. விளிம்பின் நிழல் முகத்தில் 7.5 செ.மீ. இறங்கும். நெற்றி நடுவிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய மூக்கு வரை. 60 டிகிரியில் 13 செ.மீ., அதாவது மோவாய் வரை. 30 டிகிரியில் வெறும் 4.3 செ.மீ., கண் மட்டும்தான் தப்பிக்கும். சென்னையில் ஏப்ரல் கடைசியில் சூரியன் 30 டிகிரிக்கு வருவது காலை 8 மணி வாக்கில், 45 டிகிரிக்கு 9 மணி வாக்கில், 60 டிகிரிக்கு 10 மணி தாண்டி. ஆக, வெயில் கடுமையாகும் நேரத்தில் 7.5 செ.மீ. நன்றாகவே வேலை செய்கிறது. விடிகாலைச் சாய்வு வெயிலுக்கு எந்தத் தொப்பியும் போதாது, அங்கே கண்ணாடிதான் கைகொடுக்கும்.

அப்படியானால் 12, 13 செ.மீ. விளிம்பு இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். நிழலுக்கு நல்லது, தூண்டிலுக்குத் தொல்லை. தலைக்கு மேல் ராடைச் சுழற்றி வீசும்போது லூர் உங்கள் தலைக்குப் பின்னால், பக்கவாட்டில் ஆடும். அதில் மூன்று முனைக் கொக்கி இருந்தால் விளிம்பில் மாட்டும். எனக்கு இரண்டு முறை மாட்டியிருக்கிறது. ஒரு முறை தொப்பியோடு லூர் தண்ணீருக்குப் போனது, இன்னொரு முறை கொக்கி காதுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் துணியில் குத்தி நின்றது. அந்தப் பயத்தின் சில்லிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வீசித் தூண்டில் போடுகிறவர் 8, 9 செ.மீ.க்கு மேல் போக வேண்டாம். படகில் உட்கார்ந்து இரை கட்டி இறக்குகிறவர் எவ்வளவு அகலம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

விளிம்பு விறைப்பாக இருக்க வேண்டும். தொப்பியைப் போட்டுக்கொண்டு கடையின் மின்விசிறிக்கு முன்னால் நில்லுங்கள். மடங்கிக் கண்ணில் அடிக்கிறதா? வேண்டாம். விளிம்பு முழுக்க வட்டவட்டமாக நெருக்கித் தையல் ஓடியிருந்தால் அது விறைப்பாக நிற்கும். உள்ளே கம்பி வைத்த தொப்பியைக் கடலுக்கு வாங்காதீர்கள், உப்புக்காற்றில் துருப்பிடித்து ஒரே சீசனில் துணி வழியாகப் பழுப்புக் கறை வெளியே வரும். நுரை அட்டை வைத்தது நல்லது. தண்ணீரில் விழுந்தாலும் கொஞ்ச நேரம் மிதக்கும், மூங்கில் கழியால் எடுத்துவிடலாம்.

படி 3: அடிப்பக்கம் கருப்பாக இருக்கட்டும்

இதைப் பலரும் கவனிப்பதில்லை, மீன்பிடிக்கிறவருக்கு இதைவிடப் பயனுள்ள விஷயம் குறைவு. விளிம்பின் மேல்பக்கம் வெள்ளை, சாம்பல், மணல் நிறம் மாதிரி வெளிராக இருந்தால் சூடு குறையும். அடிப்பக்கம் கருப்பு, கரும்பச்சை, கருநீலம் என்று இருட்டாக இருக்க வேண்டும். தண்ணீரில் பட்டு மேலே எழும்பும் ஒளி, வெளிர்நிற அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்ப உங்கள் கண்ணிலேயே விழும். கருப்பு அதைக் குடித்துவிடும். ஒரே இடத்தில் நின்று இரண்டு தொப்பியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். வெள்ளை அடியில் தண்ணீர்மேல் தகரம் பளபளப்பது மாதிரி இருக்கும். கருப்பு அடியில் தூண்டில் நரம்பு தண்ணீரில் இறங்கும் இடம் தெளிவாகத் தெரியும்.

எந்தத் தொப்பியாலும் கீழிருந்து வருவதைத் தடுக்க முடியாது. காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 15 சதவீதத்தையும், அலை நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும். வானத்திலிருந்து சிதறி வருவது வேறு. பிரிட்டனில் 1992-இல் தொப்பிகளை அளந்து பார்த்தபோது, அகல விளிம்புத் தொப்பி மூக்குக்கு எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீனில் போட்டிருக்கும் பாதுகாப்பு எண்) 7 அளவுக்கும், பின்கழுத்துக்கு 5, கன்னத்துக்கு 3, மோவாய்க்கு வெறும் 2 அளவுக்கும்தான் பாதுகாப்புத் தந்தது. அதனால் கீழ்முகத்துக்கு, கழுத்திலிருந்து மூக்கு வரை ஏற்றிக்கொள்ளும் ஒரு பஃப் துணியோ சன்ஸ்கிரீனோ வேண்டும், கண்ணுக்குப் போலரைஸ்டு கண்ணாடி வேண்டும். தொப்பி கண்ணுக்கு வரும் கதிரில் ஏறக்குறைய பாதியைக் குறைக்கும், மீதியைக் கண்ணாடி பார்த்துக்கொள்ளும். கண்ணாடி வாங்கும்போது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதற்கான யுவி 400 என்ற குறி போட்டிருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். போலரைஸ்டு என்பது கூச்சத்தைக் குறைப்பதற்கு, கதிரைத் தடுப்பதற்கு அதுவே உத்தரவாதம் இல்லை.

படி 4: துணி

தொப்பியில் தொங்கும் விவரச் சீட்டில் யுபிஎஃப் என்று ஓர் எண் இருக்கும், துணி புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கு. யுபிஎஃப் 50 என்றால் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் உள்ளே வரும். யுபிஎஃப் 30 என்றால் மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். 30-க்கும் 50-க்கும் நடுவே இருக்கும் வித்தியாசம், விளிம்பு 5 செ.மீ.யா 8 செ.மீ.யா என்பதைவிடச் சின்னது. எண்ணைப் பார்த்து மயங்கிக் குட்டை விளிம்பை வாங்காதீர்கள். அந்த எண் துணிக்குத்தான், உங்கள் முகத்துக்கு இல்லை.

சீட்டு இல்லையென்றால் தொப்பியை வெளியே எடுத்துப்போய் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சூரியனையே பார்க்க வேண்டாம், வானத்துக்கு நேரே பிடித்தால் போதும். ஊசிக்குத்து மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் கதிரும் அந்த வழியே வரும். ஓலைத் தொப்பியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பின்னியது நல்ல நிழல். இடைவெளி விட்டுப் பின்னிய கடற்கரைத் தொப்பிகள் போட்டோவுக்கு மட்டும்தான்.

மெல்லிய பருத்தி நனைந்தால் கதிரை இன்னும் அதிகமாக விடும், காயவும் நேரமாகும். சுடுகிறதே என்று தொப்பியைத் தண்ணீரில் முக்கிப் போடுவது நம் எல்லோர் பழக்கமும்தான், அதை விடச் சொல்லமாட்டேன், குளிர்ச்சி உண்மையிலேயே கிடைக்கிறது. ஆனால் அதற்கு நெருக்கமாக நெய்த பாலியெஸ்டரோ நைலானோ இருந்தால் நல்லது. பாலியெஸ்டர் இழை இயல்பாகவே புற ஊதாக் கதிரை உறிஞ்சும். கனமான கித்தான் பருத்தியும் பரவாயில்லை, உப்பு ஏறினால் கனக்கும்.

காற்றோட்டத்துக்கு வலைத்துணி வைத்திருப்பார்கள். பக்கவாட்டில், விளிம்பை ஒட்டி இருந்தால் சரி. உச்சியே வலையாக இருந்தால், முடி கொட்டியவர்கள் தொடவே வேண்டாம். உச்சந்தலை நேர் வெயிலில் வேகும்.

படி 5: கயிறு

அண்ணன் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம். தாடைக் கயிறு இல்லாத தொப்பியைத் தண்ணீர்ப் பக்கம் எடுத்துப்போகாதீர்கள். கயிறு இரண்டு காதுக்கும் முன்னாலிருந்து இறங்க வேண்டும், கூடவே தலைக்குப் பின்னால் சுற்றளவை இறுக்கும் இன்னொரு கயிறோ பட்டையோ இருக்க வேண்டும். பின்னால் இறுக்காமல் தாடையில் மட்டும் இறுக்கினால் தொப்பி பறக்காது, ஆனால் பின்னால் கழன்று தொங்கிக் கழுத்தை அறுக்கும்.

இறுக்கும் பிளாஸ்டிக் பொத்தானைக் கையில் அழுத்திப் பாருங்கள். உள்ளே இரும்பு ஸ்பிரிங் இருந்தால் உப்பில் சீக்கிரம் இறுகிப்போகும், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கயிறு வேகமாக இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். எங்காவது மாட்டி இழுக்கும்போது கழுத்து தப்பிக்கும். குழந்தைகளுக்கு இதுதான் சரி.

கயிறு இல்லாத ஒரு தொப்பி ஏற்கெனவே உங்களுக்குப் பிடித்துவிட்டதா? தையல்காரரிடம் கொடுத்து இரண்டு பக்கமும் பித்தளை வளையம் அடித்து, ஒரு நைலான் கயிறு கோத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக, பழைய தங்கூசித் தூண்டில் நரம்பில் ஒரு முழம் எடுத்துத் தொப்பியின் பின்பக்கத்தையும் சட்டைக் காலரையும் கிளிப்பால் இணைத்துவிடலாம். நான் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

படி 6: அளவும் போட்டுப் பார்ப்பதும்

புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்குச் சற்று மேலே, தலையின் பின்மேடு வழியாக டேப்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் பெரியதை எடுங்கள், பின்கயிறு இறுக்கிக்கொள்ளும். இறுகிய தொப்பி இரண்டு மணி நேரத்தில் தலைவலி தரும், அதை வெயில் தலைவலி என்று நினைத்துக்கொண்டிருப்போம். கொண்டை, பின்னல் உள்ளவர்கள் பின்பக்கம் திறப்பு உள்ளதைத் தேடுங்கள். முடியைத் தொப்பிக்குள் திணித்தால் தொப்பி மேலே ஏறி நிழல் குறையும்.

கடையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே தொப்பியைப் போடுங்கள். கண்ணாடிக் காம்பைத் தொப்பி அழுத்துகிறதா? பஃப் துணியையும் மாட்டிப் பாருங்கள். பிறகு வீசுவது மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோங்கள். முழங்கையோ தோளோ விளிம்பில் இடிக்கக் கூடாது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. தலையைச் சட்டென்று குனிந்து நிமிருங்கள். கயிறு இல்லாமலே தொப்பி நின்றால் அளவு சரி.

பைக்கில் போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வழி முழுக்க ஹெல்மெட், தொப்பி பையில். அதனால் சுருட்டி வைத்தாலும் விளிம்பு பழையபடி நிமிர வேண்டும். கடையிலேயே ஒரு முறை சுருட்டி விரித்துப் பாருங்கள்.

வாங்கிய பிறகு

முதல் நாளே நடுக்கடலுக்கு எடுத்துப்போகாமல் ஒரு சாயங்காலம் கரையில் போட்டுப் பழகுங்கள். கயிற்றின் நீளத்தை அன்றைக்கே சரிசெய்து, மிச்சத்தை வெட்டி நுனியைத் தீயில் காட்டி உருக்கிவிடுங்கள். தொங்கும் நுனி ரீலில் சிக்கும்.

எவ்வளவு நல்ல தொப்பியானாலும் சூட்டை முழுக்கத் தாங்காது. தலை சுற்றினாலோ, குமட்டினாலோ மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் தூண்டிலைச் சுருட்டிவிட்டு நிழலுக்குப் போங்கள். நனைத்த துண்டால் கழுத்தையும் அக்குளையும் துடையுங்கள். உடம்பு கொதித்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில், ஒரு குடத்தின் மேல் கவிழ்த்துக் காயவையுங்கள். குடத்தின் வட்டம் தலைப்பகுதியின் உருவத்தைக் காப்பாற்றும். வாஷிங் மெஷினில் போட்டால் விளிம்பு வளையும், பிளீச் போட்டால் துணி நைந்துபோகும். வருடத்துக்கு ஒரு முறை பழையபடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உச்சியில், மடிப்பு விழும் இடங்களில்தான் முதலில் நையும். அங்கே வெளிச்சப் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தால் அந்தத் தொப்பியைத் தோட்ட வேலைக்கு வைத்துக்கொண்டு, ஸ்கேலை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புங்கள்.